போட் என்ஜினுக்கு வலை

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். அந்த ஆளின் பெயரை எழுதினால் அவருக்கு மரியாதை செய்ததாகிவிடும் என்று வெகுநாள் வைராக்கியமாக இருந்தேன். இப்போது எழுதாமல் விடுவதற்குக் காரணம் வேறு. எங்கள் ஆபீசில் முதுகுக்குப் பின்னால் என்ஜின்காரர் என்போம், நேரில் அண்ணாச்சி என்போம். அது போதும்.

ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். கோவில்பட்டியில் ஒரு பெண் காலையில் தூக்குவாளியோடு நின்று "ஆபீசுக்குப் போறேன்" என்றால் யாரும் தாலுகா ஆபீசை நினைக்கமாட்டார்கள். எங்கள் ஆபீஸ் ஊருக்குக் கிழக்கே, பசுவந்தனை போகிற சாலையில், இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கிற இடத்தில் தனியாக நின்றது. பக்கத்தில் வீடு கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காம்பவுண்டுக்குள் ஒரு வழக்கம் உண்டு. 'தீ' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. நெருப்பு என்றும் கூடாது. எப்போதாவது குச்சிகளை வரிசையாகச் செருகிய மரச் சட்டத்தில் ஒரு குச்சி சீறிவிட்டால் "மணலு! மணலு!" என்றுதான் கத்துவோம். மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடுவார்கள். புதிதாக வந்தவள் யாராவது மறந்துபோய்ச் சொல்லிவிட்டால், பானையில் தண்ணீர் மொண்டு வாசலில் ஊற்றச் சொல்லுவார்கள். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு தடவை ஊற்றினேன். பிறகு பழகிவிட்டது. வீட்டில்கூட அடுப்பைப் பற்றவை என்றுதான் சொல்லுவேன், மற்ற சொல் வாயில் வராது.

என்ஜின்காரருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லி. இடது காது கேட்காது, என்ஜின் சத்தம் தின்றுவிட்டது. காக்கிக் கால்சட்டைப் பையில் எப்போதும் எண்ணெய் துடைக்கிற நூல் கழிவு பிதுங்கிக்கொண்டிருக்கும். பிறந்தது வேம்பார்ப் பக்கம் கடற்கரை. கயிற்றைச் சுற்றி என்ஜினை இழுப்பதற்கு முன்னால் நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் சிலுவை போட்டுக்கொள்வார். எதையும் ஒரு தடவைதான் சொல்லுவார். அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை சொல்லுவார். கேட்டால் சரி. கேட்காவிட்டால் மறுதடவை சொல்லமாட்டார். காத்திருப்பார்.

ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே ஒருநாள், "மாஸ்டர், பெஞ்சுக் காலு ஆடுது. ஆணி போயிட்டு" என்றார். மாஸ்டர் பால் ஆற்றிக்கொண்டே, "நீங்க தைரியமா உக்காருங்க அண்ணாச்சி, அது நான் கட வச்ச நாள்லருந்து ஆடிக்கிட்டுதான் இருக்கு" என்றார். என்ஜின்காரர் உட்காரவில்லை. அன்றையிலிருந்து தினமும் அந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு டீ குடித்தார். மாதக்கணக்கில். ஒருநாள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து உட்கார்ந்தார், பெஞ்சு முறிந்து மல்லாக்க விழுந்தார். கடையே கொல்லென்று சிரித்தது. என்ஜின்காரர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முறிந்த காலுக்குக் கிட்டே போனார். குனிந்து பார்த்தார். மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து வேறு கடைக்குப் போய்விட்டார். நாங்கள் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவர், நாலு பேர் முன்னால் அவரை "ஏலே, கடல்காரா" என்று கூப்பிட்டுவிட்டார். வயதில் இளையவர்.  அதற்குப் பிறகு அந்த லேத்காரர் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் என்ஜின்காரர் முதல் ஆளாகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்துகொள்வார். மொய் எழுதுவார். சாப்பிடமாட்டார். "வாங்க அண்ணாச்சி, பந்திக்கு வாங்க" என்று வீட்டார் கெஞ்சினால், "இருக்கட்டும், இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்பார். கை கட்டிக்கொண்டு கடைசிப் பந்தி முடியும்வரை உட்கார்ந்திருப்பார். வந்தவர்களெல்லாம், "இவிய ஏன் கை நனைக்கல? என்ன வருத்தம்?" என்று லேத்காரரைத்தான் பிடுங்கினார்கள். சடங்கு, கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று நாலு விசேஷம் இப்படிப் போனது. காதுகுத்தன்று லேத்காரரே வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டார். என்ஜின்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

இதையெல்லாம் கேட்டு அப்போது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஏழைப்பட்டவனுக்கு இப்படி ஒரு வழியாவது இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் வேம்பாரிலிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மா ஒருத்தி சொன்ன கதையை மட்டும் என்னால் சிரித்துக் கேட்க முடியவில்லை. அவருடைய கூடப்பிறந்த தம்பி ஒருநாள் படகு எடுத்தபோது, "பம்பு சரியில்ல, போகாத" என்று இவர் சொல்லியிருக்கிறார். தம்பி கேலி செய்துவிட்டுப் போய்விட்டான். கடலில் என்ஜின் நின்று, இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் மிதந்து, வேறு படகுக்காரர்கள் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். கரையில் ஊரே அழுதுகொண்டு நின்றது. இவரும் நின்றாராம். நின்று பார்த்தாராம். "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலயே தாயி. 'நான் சொன்னேம்லா'ன்னு மொகத்துல எழுதி ஒட்டியிருந்துச்சு. தம்பி பொண்டாட்டி காறித் துப்பிட்டா" என்றாள் அந்த அம்மா. அதோடு ஊரை விட்டுக் கிளம்பி இங்கே வந்தவர்தான்.

இனி அந்த என்ஜினைப் பற்றி. கரண்டு அடிக்கடி போகிற காலம். முதலாளி தூத்துக்குடியில் பழைய இரும்பு வாங்குகிற இடத்திலிருந்து, பிரித்துப் போட்ட ஒரு படகின் என்ஜினைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய என்ஜின். அதை ஒரு ஜெனரேட்டரோடு கோத்து, குச்சி முனையை மருந்தில் முக்குகிற அறைக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு கொட்டகைக்குள் இறக்கினார்கள். நடுவில் ஒரு சுவர், சுவரில் சிமெண்டு ஜன்னல், ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அது. என்ஜின்காரர் அந்த என்ஜினைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்டது மாதிரி தட்டிக்கொடுத்தார்.

என்ஜின் காற்றை இழுக்கிற வாயில் ஒரு பித்தளைப் பெட்டி. அதற்குள் மெல்லிய பித்தளைச் சல்லடை அடுக்கடுக்காக இருக்கும். சில நேரம் என்ஜின் இருமும். உள்ளே எரிய வேண்டியது அந்த வாய் வழியாகத் திரும்பி வெளியே பாயும். சல்லடையில் பட்டால் அங்கேயே சூடு தணிந்து செத்துவிடும். படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கும் என்பதால் படகு என்ஜினுக்கு அது இல்லாமல் தீராது. அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருக்கிறது, பின்னால் வந்த அதிகாரி சொன்னார். என்ஜின்காரருக்கு அது 'வலை'. சனிக்கிழமைதோறும் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கோழி இறகால் துடைத்து, வெயிலுக்குக் காட்டிப் பார்த்துவிட்டு மாட்டுவார். பண்டல் கட்டுகிற இடத்திலிருந்து எனக்கு அது நேராகத் தெரியும். ஒருநாள், "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இது அத வெளிய விடாது தாயி" என்றார். அது என்றால் எதுவென்று எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஆக எனக்குத் தெரியும். இதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

அந்த வலை உப்புக் காற்றில் கிடந்த பொருள். பச்சைக் களிம்பு ஏறி, கம்பிகள் உதிரத் தொடங்கின. ஒரு சம்பள நாள். முற்றத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். என்ஜின்காரர் முதலாளிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, என்ஜினுக்கு வலை போயிட்டு. புது வலை மாத்தணும். தூத்துக்குடில கெடைக்கும். ரெண்டு நா என்ஜின நிப்பாட்டணும்."

முதலாளிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், கார்த்திகைக்கு முன்னால் லோடு போக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தவர். "வலையா? போட்டு என்ஜின வாங்குனதுக்கு வலை வேற வாங்கணுமா?" என்றார். "கரிசக்காட்டுல வலைய வீசி என்ன மீன் பிடிக்கப் போறிய அண்ணாச்சி?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. இருபது பெண்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் ஒருத்தி மட்டும், "பிடிச்சா எங்க வீட்டுக்கு ஒரு கூறு சாளை போட்டுருங்க அண்ணாச்சி" என்று எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் எல்லோரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்த ஒருத்தி நான்தான்.

என்ஜின்காரர் முதலாளியைப் பார்க்கவில்லை. சிரித்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பிறகு கொட்டகைக்குப் போய்விட்டார். மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சு அதோடு முடிந்தது. முதலாளி, "பாத்துக்கிடுவோம், பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிக்கொண்டே சம்பளக் கவரைக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வலையைக் கழற்றவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கழுவவில்லை, கழுவாத வலை இன்னும் சீக்கிரம் உதிரும். நான் கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்தேன், என்ஜின் அவர் பாடு என்று. கரண்டு போனால் வருவார், சிலுவை போடுவார், கயிற்றை இழுப்பார். என்ஜின் பிடித்ததும் கொட்டகையை விட்டு வெளியே வந்து உடைமரத்தடியில் நின்றுகொள்வார். முன்பெல்லாம் உள்ளேயே பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவர். எட்டு மாதம் அந்த மரத்தடியில் நின்றார். டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் எதற்காக நின்றார் என்று தெரிந்தவள் நான். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

என் தங்கைக்கு அப்போது இருபத்தொன்று. அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மருந்து முக்குகிற அறையில் இருந்தாள். முக்கி வருகிற சட்டங்களை வாங்கி, ஓரத்தில் வழிந்த மருந்தைத் துடைத்து, காயவைக்கிற அடுக்கில் செருகுவது அவள் வேலை. கை அப்படிப் பறக்கும். தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டால் இந்த ஆபீசை விட்டே போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ரவிக்கை வெட்டுவது அதற்குள்ளேயே பழகியிருந்தாள். அந்தச் சிமெண்டு ஜன்னலுக்குக் கீழேதான் அவள் ஸ்டூல்.

ஆடி மாதம், மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். கரண்டு போனது. என்ஜின் கிளம்பியது. இரண்டு தடவை இருமியது. மூன்றாவதாக ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, தகரத்தைக் கையால் அடித்தது போல. ஜன்னல் ஓட்டைகள் அத்தனையும் மஞ்சளாயின. அடுக்கில் இருந்த சட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சீறின. "மணலு! மணலு!" என்று எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். தங்கையை வெளியே இழுத்துப் போட்டபோது வலது கையில் முழங்கைவரை தோல் இல்லை. கழுத்தில் பாதி கருகியிருந்தது. உயிர் இருந்தது. மற்றவர்கள் இருமலோடு தப்பினார்கள்.

அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் தலையைத் தூக்கியபோது எதிரே என்ஜின்காரர் நின்றார். நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் உள்ளே பாய்ந்தார், ஏழெட்டு வாளி மணல் கொட்டினார், புருவம் பொசுங்கியிருந்தது என்று மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். இருக்கலாம். நான் பார்த்தது அவர் நின்றதைத்தான்.  உன்னை விடமாட்டேன் என்று அவரைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன். சாமி சத்தியமாகச் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் ஏழு வாரம். முதலாளி வந்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார், வராண்டாவில் குழந்தை மாதிரி அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பகை வரவில்லை. அவர் தெரியாமல் சிரித்த மடையன். என்ஜின்காரர் தெரிந்தவர். தெரிந்து, கழுவாமல் விட்டு, மரத்தடியில் பத்திரமாக நின்று, எங்கள் சிரிப்புக்கு விலை வரட்டும் என்று எட்டு மாதம் காத்திருந்தவர். இரவும் பகலும் எனக்கு அந்த மரத்தடிதான் கண்ணில் நின்றது. நானும் சிரித்தேன், சாளை கேட்டேன் என்பது நினைவு வரும்போதெல்லாம் அவர்மேல் ஆத்திரம் இன்னும் கூடியது. அது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. கூடியது, அவ்வளவுதான்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். இந்தப் பக்கத்துக்காரர் இல்லை, பேச்சிலேயே தெரிந்தது. ஆபீஸ் முன் அறையில் மேஜை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்ஜின்காரர் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாய் என்று நினைத்தேன். முதலாளி மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

என்ஜின்காரர் சொன்னார்: "வலை மாத்தணும்னு சொன்னேன் சார். எல்லாரு முன்னாலயும் சொன்னேன். சிரிச்சாவ." பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளையும் இருந்துச்சு. அது தங்கச்சிக்குத்தான் பட்டுருக்கு. அதுகிட்டயே கேளுங்க."

என்னையே சாட்சிக்குக் காட்டினார். மற்ற பெண்கள் முதலாளிக்குப் பயந்து வாய் திறக்கமாட்டார்கள், நான் திறப்பேன் என்று நம்பியிருக்கிறார்.

"இவர் சொன்னாராம்மா?" என்றார் அதிகாரி.

"வலை வேணும்னு சொன்னாவ சார்."

"வலைன்னா?"

"மீன் பிடிக்கிற வலைன்னுதான் நாங்க நெனச்சோம். அது போட்டு என்ஜின்லா. அதான் எல்லாரும் சிரிச்சோம்."

அதிகாரி எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "இதை மாத்தலன்னா தீப்பிடிக்கும்னு சொன்னாரா?"

"இல்ல சார். அந்த வார்த்தைய அவிய சொல்லவே இல்ல."

அது உண்மை. எங்கள் காம்பவுண்டுக்குள் எவரும் சொல்லாத சொல்லை அவரும் சொல்லவில்லை. அந்த வழக்கத்தை நான் அதிகாரிக்குச் சொல்லவில்லை, அவருக்குக் கேட்கவும் தெரியவில்லை. மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அதிகாரி என்ஜின்காரர் பக்கம் திரும்பி, "நீங்க சரியா என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது.  "சொன்னத சொல்லியாச்சு சார்" என்றார்.  இன்னொரு தடவை சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பராமரிப்பில் கவனக்குறைவு என்று அவர்மேல் எழுதிக்கொண்டு போனார்கள். ஆபீஸ் கொஞ்ச நாள் மூடிக் கிடந்துவிட்டு, தூரத்தில் புது ஜெனரேட்டர் வைத்துத் திறந்தது. என்ஜின்காரருக்கு வேலை போனது. மற்ற தீப்பெட்டி ஆபீஸ்களிலும் யாரும் சேர்க்கவில்லை. விசாரணை நடந்த அன்று மதியம் நான் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாகச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ருசித்துச் சாப்பிட்டேன். பொய் சொல்லவில்லை.

தங்கை வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டே இதையெல்லாம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"நீ செஞ்சது சரியில்லக்கா."

"என்னட்டி சரியில்ல? உன் கைய பாருட்டி!"

"எனக்கு அவிய சொன்னாவ."

"என்ன சொன்னாவ?"

"'அங்கன உக்காராத தாயி, ஜன்னல விட்டுத் தள்ளி உக்காரு'ன்னு. என்ஜின எடுக்கதுக்கு முன்ன வந்து சொல்லிட்டுத்தான் போவாவ. தெனமும் சொல்லுவாவ. அன்னைக்கும் வந்து சொன்னாவ. நான் சரி சரின்னு தலைய ஆட்டிட்டு அங்கனயே இருந்தேன். அங்கன மட்டுந்தான காத்து வரும்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அவியகிட்ட சண்டைக்குப் போவ."

சீப்பு கையில் இருந்தபடி உட்கார்ந்திருந்தேன். தம்பி செத்துப் பிழைத்து வந்தபோதுகூட இரண்டாம் தடவை சொல்லாத மனிதர், எட்டு மாதம், கரண்டு போன ஒவ்வொரு தடவையும், என் தங்கையிடம் வந்து சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. அவளைத் தள்ளி உட்காரச் சொல்லத் தெரிந்தவருக்கு, அந்தக் கயிற்றை இழுக்காமல் இருக்கத் தெரியவில்லையா? முதலாளி தோற்க வேண்டும், அவள் மட்டும் தப்ப வேண்டும் என்று எந்தக் கடவுளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்? 

ஓட்டப்பிடாரத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் கொட்டகையில் இருக்கிறார் என்று விசாரித்துப் போனேன். காலை பஸ். அவர் தரையில் சாக்கு விரித்து ஒரு கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். இன்னும் மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறவில்லை.

"வா பிள்ள" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"நான் அன்னைக்கு வேணும்னேதான் அப்படிச் சொன்னேன் அண்ணாச்சி" என்றேன். "வலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட நீங்களே சொல்லியிருக்கிய. ஆபீசுக்குள்ள அந்த வார்த்தைய யாரும் சொல்லமாட்டோம்னு நான் மறச்சிட்டேன். அந்த அதிகாரிகிட்ட போயி மாத்திச் சொல்லுதேன். நீங்களும் கூட வாங்க."

அவர் கையில் இருந்த போல்டை நூல் கழிவால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது நல்ல காதில் விழுந்ததா, கேட்காத காதுப் பக்கம் நின்று பேசுகிறேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மறுபக்கம் போய் நின்று, "கேக்குதா அண்ணாச்சி?" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார். "தங்கச்சிக்குக் கை மடங்குதா?"

"பெருவெரல் மட்டும் மடங்குது."

"மத்த வெரலு?"

"இல்ல."

"ஊசி பிடிக்க முடியாது?"

"முடியாது அண்ணாச்சி."

போல்டைக் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு சனிக்கெழம" என்றார். "முப்பத்தஞ்சு சனிக்கெழம நான் அதக் கழுவாம விட்டேன்." அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்தார். அன்று முற்றத்தில் பார்த்த பார்வை இல்லை.

"அப்ப நீ எனக்குக் குடுத்த தண்டன பத்தாது தாயி" என்றார்.